கல் அடுப்பும் கதிர்ப் பெட்டியும்

என் மனைவிக்கு மார்கழியும் தையும் ஆகாது. விடிந்ததும் கட்டிலை விட்டு எழுந்து நிற்கவே அரை மணி நேரம் பிடிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் இடுப்பை நிமிர்த்துவாள், அப்புறம் ஒவ்வொரு முழங்காலாக. நான் கை கொடுத்தால் தட்டிவிடுவாள். நாங்கள் சொந்தமாக பனியன் யூனிட் போட்ட முதல் பன்னிரண்டு வருடம், நீராவி அயர்னிங் மேசைக்கு ஆள் வராத நாளெல்லாம் அவள்தான் நின்றாள். பிறகு ஆட்கள் சேர்ந்ததும் செக்கிங்குக்குப் போனாள். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, ஓட்டையும் கறையும் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அதுவும் நின்றுகொண்டே செய்வதுதான். ஐம்பதை ஒட்டி அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை சாப்பிட்டாள், காப்பியில் சர்க்கரையை நிறுத்தினாள். எங்கள் வீதியில் யாருக்குத்தான் அது இல்லை என்று இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

சௌனா என்ற பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான். ஒரு ஆர்டர் விஷயமாக வெளிநாட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கடும் பனிக்காலம். தங்கியிருந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில் மரப்பலகை அடித்த ஒரு சின்ன அறைக்குள் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். மூலையில் மின்சார அடுப்பு, அதன்மேல் கருங்கற்கள் குவிந்து கிடந்தன. ஒருவர் மரக்கரண்டியில் தண்ணீர் மொண்டு கல்லின்மேல் ஊற்றினார். உஸ்ஸென்று ஆவி எழுந்து மூஞ்சியில் அடித்தது. பத்து நிமிடத்தில் வியர்வை கொட்டியது. வெளியே வந்தபோது, வருடக்கணக்காகப் பிடரியில் உட்கார்ந்திருந்த வலி காணாமல் போயிருந்தது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் இதைச் சொன்னேன்.

"அதுக்கு நம்ம அயர்னிங் செக்சன்லயே போய் உக்காந்துக்கலாமுங்களே," என்று சிரித்தாள்.

நான் விடவில்லை. அந்த வருடம் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் வீட்டை எடுத்துக் கட்டி முடித்திருந்தோம். மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளிடம் போனில் சொன்னபோது, அவள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"இதுல ரெண்டு வகை இருக்குதுங்கப்பா. நீங்க பார்த்தது கல்லு வெச்ச பழைய மாதிரி. எம்பது, தொண்ணூறு டிகிரி ஏறும். இப்போ இன்ஃப்ராரெட்னு ஒண்ணு வந்திருக்குது. அம்பது, அறுபதுலயே வேர்க்குமாம். அம்மாவுக்கு அதுதான் ஒத்துக்குமுன்னு தோணுது."

எனக்குக் கல்தான் வேண்டும் என்றிருந்தது. அந்த உஸ் சத்தமும் மரவாசமும் எனக்குள் போய்விட்டிருந்தன. சரி, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் மனைவியைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன்.

முதலில் ஒரு ஹோட்டலில் கல் வைத்த அறைக்குள் போனோம். என் மனைவி பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு கீழ்ப்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் பெரிய அனுபவசாலி போலக் கரண்டியில் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினேன். ஆவி எழுந்ததுதான் தாமதம், அவள் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். வராந்தாவில் நின்று மூச்சு வாங்கினாள்.

"இந்த ஆவிக்குள்ளதான் பாதி ஆயுசு நின்னாச்சுங்களே. மறுக்கா எதுக்குங்க? எனக்கு வேண்டாமுங்க."

அங்கிருந்து இன்ஃப்ராரெட் பெட்டி விற்கும் கடைக்குப் போனோம். என் வயதுக்காரர் ஒருவர் வரவேற்றார். நிதானமான மனிதர். ஆள் உயர மர அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டது போல ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்.

"கல் அடுப்பு காத்தைச் சூடு பண்ணும், அந்தக் காத்து நம்மளைச் சூடு பண்ணும். இது அப்படியில்லீங்க. இந்தத் தகட்டுல இருந்து வர்ற கதிர் நேரா உடம்புல படும். மூச்சு முட்டாது, தண்ணி ஊத்த வேண்டியதில்லை. கால் மணி நேரத்துல தயாராயிடும். ஆனா ரெண்டுமே சூடுதானுங்க. இதைச் சாதாரணமா நெனைச்சுரக் கூடாது."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவின் வழியாக அவள் முகம் தெரிந்தது. முதலில் பயந்த மாதிரி இருந்தாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, கடையின் நான்கு படிகளையும் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி, மறுபடி ஏறி வந்தாள்.

"லேசா இருக்குதுங்க," என்றாள். "முழங்கால் யாரோடதோ மாதிரி இருக்குதுங்க."

அதற்குமேல் நான் கல்லைப் பற்றிப் பேசவில்லை.

கடைக்காரர் இரண்டு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். "பொறுமையாப் படிச்சு டிக் பண்ணுங்க சார். எதுலயாச்சும் சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறமா வாங்க. அவசரமே இல்லீங்க."

நான் படித்தேன். இதை இங்கே மாற்றி எழுதிவிட முடியாது. வரி வரியாகப் படித்தேன். இதயநோய் உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, உடம்புக்குள் உலோகத் தகடு வைத்திருக்கிறதா, சர்க்கரை நோய் உண்டா, கை கால்களில் உணர்ச்சிக் குறைவு உண்டா. சர்க்கரைக்கு நேராகப் பேனா நின்றது. ஆமாம் என்று போட்டால் டாக்டர் கடிதம் கேட்பார், இன்னொரு முறை வர வேண்டும். யூனிட்டிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவதும் மடக்குவதுமாக இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

உணர்ச்சிக் குறைவு பற்றி எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து அவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு கார் வரைக்கும் நடந்து வந்தாள். நான்தான் பார்த்துச் சொன்னேன். குனிந்து பார்த்தவள், "அட, எங்க உட்டேன்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். படிவத்தில் அந்த வரியைப் படித்தபோது அந்தச் செருப்பு என் நினைவுக்கு வந்தது. வந்தும் 'இல்லை' போட்டேன்.

பெட்டி வந்து மாடி அறையில் நின்றது. அடுத்த ஏழெட்டு வாரங்கள் நல்ல வாரங்கள். காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவாள். மார்கழியில் முதல்முறையாக அவளே வாசலுக்கு இறங்கிக் கோலம் போட்டாள். மடத்துக்குளத்தில் அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய் இரண்டு நாள் நின்று எல்லா வேலையும் பார்த்துவிட்டு வந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு குறைதான் சொன்னாள்.

"பாதம் மட்டும் சில்லுன்னே இருக்குதுங்க. அங்க சூடு சேர மாட்டேங்குது."

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு அம்மிணி," என்றேன்.

தை மாதத்தில் ஒரு காலை. நான் ஷிப்மென்ட் வேலையாக யூனிட்டுக்குப் போய்விட்டேன். அவள் பெட்டிக்குள் பலகையில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, காலை நீட்டி, வலது பாதத்தைச் சூட்டுத் தகட்டுக்கு முன்னால் இருக்கும் மரச்சட்டத்தின்மேல் அழுத்தி வைத்திருக்கிறாள். அப்போதும் சூடு வரவில்லை என்றே நினைத்திருக்கிறாள். நேரம் முடிந்து பெட்டி தானாக அணைந்ததும் மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்துத் தரையில் ஈரக் கால்தடம் இருந்தது. வலது கால் மட்டும். சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்திருந்தது.

"தண்ணி கொட்டிட்டியா?"

"இல்லீங்களே."

உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரலிலிருந்து குதிகால் வரைக்கும் பெரிய கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு தொங்கியது.

"வலிக்குதா?"

"ஒண்ணுமே தெரியலீங்க."

வலி இல்லை என்றதை நாங்கள் நல்ல சேதியாக எடுத்துக்கொண்டோம். மருந்துக் கடையில் தீப்புண் களிம்பு வாங்கி வந்து நானே போட்டுவிட்டேன். காட்டன் துணிக்கு எங்களிடம் பஞ்சமா? கட்டு மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறு நாள் அப்படியே போனது. ஷிப்மென்ட் போய்ச் சேரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவளும் சொன்னாள், நானும் சொன்னேன். ஏழாம் நாள் காலையில் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கட்டைப் பிரித்ததும் அழுகல் வாடை அடித்தது. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுப் பார்த்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு நைலான் இழை பொருத்திய ஒரு குச்சியை எடுத்தார்.

"அம்மா, கண்ணை மூடிக்குங்க. இதால கால்ல தொடுவேன். தொடறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க, போதும்."

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் புண் இல்லாத இடது காலில் தொடங்கினார். பெருவிரல் நுனி, நடுவிரலின் அடி, பாதத்தின் நடு, குதிகால். ஒவ்வொரு இடத்திலும் இழை வளையும்படி அழுத்தி எடுத்தார். வலது காலிலும் புண்ணை விட்டு மற்ற இடங்களில் அதேபோல் செய்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஒன்பதோ பத்தோ. அவள் அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டாள்:

"எப்பங்கம்மா தொடுவீங்க?"

டாக்டர் இழையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருசம் சர்க்கரை இருக்குதே, காலை யாராச்சும் பரிசோதனை பண்ணியிருக்காங்களா? இந்த மாதிரிப் பெட்டியில உக்காரலாமான்னு யார்கிட்டயாச்சும் கேட்டீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பாதத்தில் பாதியை எடுத்தார்கள். சீழ் நிற்கவில்லை. மூன்றாம் முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்றார். அவளிடம் யார் சொல்வது என்று நான் வெளியே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது அவளுக்கே தெரிந்திருந்தது.

"முழங்காலை உடுவாங்களாமா?" என்று கேட்டாள்.

"அது இருக்கும் அம்மிணி."

"அப்பச் சரீங்க."

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சொந்தக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெட்டியை விற்றவனைத் திட்டினார்கள். படிக்காத சனங்க தலையில கட்டிட்டான், கேஸ் போடோணும் என்றார்கள். எங்கள் மகள்தான் எல்லோரையும்விடக் கொதித்தாள். இன்ஃப்ராரெட் என்று முதலில் சொன்னது தான்தானே என்ற உறுத்தல் அவளுக்கு. ராத்திரி பகல் பாராமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு வார்த்தை எச்சரிச்சிருந்தா எங்கம்மா இப்பிடிப் படுத்திருப்பாளா?" என்று அந்தக் கடைக்காரரைச் சபித்தாள். நான் அருகிலேயே இருந்தேன். பிளாஸ்கிலிருந்து டம்ளரில் காப்பி ஊற்றி, வந்தவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டிய முதல் நாள் போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். மகள் எங்களோடுதான் இருந்தாள். எனக்குத் தெரியாமல் அவள் கடைக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். ஒரு நாள் முற்பகலில் அந்தக் கடைக்காரர் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறையப் பழம், ஒரு பிளாஸ்டிக் கவர். கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார். வலது கால் இல்லாத இடத்தில் மடித்துச் செருகியிருந்த சேலையையும் பார்த்தார். கும்பிட்டார்.

மகள் எழுந்து வந்தாள். "எதுக்குங்க வந்தீங்க? எங்கம்மாவுக்குச் சர்க்கரை இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? யாவாரம் ஆனாப் போதும், இல்லீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நீங்களே சொல்லிவிடுங்கள் என்பது போலத்தான் இருந்தது அந்தப் பார்வை. நான் பழப்பையை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"கேட்டமுங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கவரிலிருந்த தாளை எடுத்தார். மகளிடம் நீட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, என் மனைவியிடம் கொடுத்தார். "நான் யாரையும் குத்தம் சொல்ல வர்லீங்கம்மா. எங்க மேல இப்பிடி ஒரு பேச்சு வந்ததால காட்டறனுங்க."

அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். செக்கிங்கில் பனியனைப் பார்ப்பது போல மேலிருந்து கீழே ஒரு வரிகூட விடாமல் பார்த்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இந்தக் கையெழுத்து உங்களதுதானுங்களே?"

"ஆமா."

"படிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்களா, படிக்காமயே போட்டீங்களா?"

படிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"படிச்சுத்தான் போட்டேன்," என்றேன்.

அவள் தாளை மடித்து அந்த மனிதரிடம் திருப்பிக் கொடுத்தாள். "இவ பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்," என்றாள். அவர் குடிக்கவில்லை. மறுநாள் ஆட்களை அனுப்பிப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். மாடி அறைத் தரையில் நான்கு மூலைக்கும் நான்கு சதுரத் தழும்பு மட்டும் இருந்தது.

அந்த மனிதர் வந்துபோனதுமே மகள் என்னிடம் வந்தாள். "அத்தனை பேரு முன்னாடி அந்த மனுசனை மண்ணை வாரித் தூத்தினேன். பக்கத்துலதான இருந்தீங்க? அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா?" நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள். அன்று சாயந்திரமே உடுமலைக்குப் போய்விட்டாள். இப்போதும் போன் செய்கிறாள். அம்மாவிடம் கொடுங்க என்கிறாள், கொடுக்கிறேன்.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. ஆனால் மறுநாள் காலை ஒன்று நடந்தது. மிச்சமிருக்கிற இடது காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் அடி எல்லாவற்றையும் டார்ச் அடித்து, வெடிப்போ சிவப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அது என் வேலை. அன்று டார்ச்சோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேலைக்கு வர்ற அம்மா பார்த்துக்குவாங்க. நீங்க யூனிட்டுக்குப் போங்க."

பதினோரு நாள் அப்படியே போனது. சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள், தண்ணீர் வந்ததா என்று கேட்டாள். காலை மட்டும் என்னிடம் காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலைக்கார அம்மா வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வந்து பார்த்துட்டுப் போங்க."

உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். குதிகாலில், நகத்தால் கீறியது போல ஒரு வெடிப்பு இருந்தது. ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. முன்பாக இருந்தால் களிம்பு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். உடனே சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இப்பவே போலாமுங்க," என்றாள்.

போனோம். வறட்சி வெடிப்புத்தான், உடனே வந்தது நல்லது என்று டாக்டர் சுத்தம் செய்து கட்டினார். காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் கேட்டாள்:

"அந்தக் கல்லு அடுப்பையே வாங்கியிருந்தா இப்பிடி ஆயிருக்காதுன்னு நெனைக்கறீங்களா?"

நான் டாக்டரிடம் அதைத் தனியாகக் கேட்டிருந்தேன். உணர்ச்சி போன காலுக்கு எந்தச் சூடும் ஆபத்துத்தான் என்று சொல்லியிருந்தார்.

"கல்லும் ஆபத்துத்தானாம், அம்மிணி."

"எதை வாங்கினா என்னுங்க. டாக்டர்கிட்டக் கேட்டிருந்தா ஆயிருக்காது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பும் வீதியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். யூனிட்டுக்குப் போக வேண்டும் என்றாள். இறக்கி, சக்கர நாற்காலியில் செக்கிங் பகுதிக்குத் தள்ளிப் போனேன். பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள், இரண்டு பேர் அழுதார்கள். அவள் மேசை ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்தபடி பார்க்க அது அவள் கழுத்து உயரத்துக்கு இருந்தது.

"இதைத் தாழ்த்திப் போடச் சொல்லுங்க," என்றாள்.

ஆசாரி வந்து மேசையின் நான்கு காலையும் முக்கால் அடி அறுத்து எடுக்கும் வரைக்கும் நான் பக்கத்தில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் முதல் பனியன் கட்டைப் பிரித்து, மேலே இருந்ததை விரித்தாள்.